‘இன் மன்டே’ என்றால் சிரிப்பு, ‘பிஃபோர்’ என்றால் நஷ்டம்

செக் பவுன்ஸ் ஆன ஒரு விவகாரம். பணம் கேட்டு அனுப்பிய நோட்டீஸ் 1995 செப்டம்பர் 29ஆம் தேதி எதிர்த்தரப்பின் கைக்குப் போனது. சட்டம் தரும் 15 நாள் அவகாசம் அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. பணம் வரவில்லை. மறுநாள், அதாவது அக்டோபர் 15 அன்று, வழக்குத் தொடரும் உரிமை பிறந்தது. அதிலிருந்து ஒரு மாதத்துக்குள் புகார் கொடுத்தாக வேண்டும். கொடுத்த தேதி நவம்பர் 15.

சரியாக ஒரு மாதம்தானே என்று தோன்றும். எதிர்த்தரப்பு அப்படி விடவில்லை. அக்டோபர் 15ஐயும் ஒரு நாளாக எண்ணினால் நவம்பர் 14ஆம் தேதியே மாதம் நிரம்பிவிடுகிறது, ஒரு நாள் பிந்திய புகார் செல்லாது என்று வாதாடியது. மாற்றுமுறை ஆவணச் சட்டத்தில் ஓரிடத்தில் தேதிக்கு முன்னால் ‘ஃபிரம்’ இருக்கிறது. புகாருக்குக் கெடு வைக்கும் 142ஆவது பிரிவிலோ ‘ஆஃப்’ இருக்கிறது. ‘ஃபிரம்’ என்றால் முதல் நாளைத் தள்ளி எண்ண வேண்டும், சரி. ‘ஆஃப்’ என்றால்? உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு 1999இல், முதல் நாளைத் தள்ளித்தான் எண்ண வேண்டும், புகார் செல்லும் என்றது. அது சாகேத் இந்தியா வழக்கு. அதே ஆண்டில் வேறொரு வழக்கில் இன்னோர் அமர்வு முதல் நாளையும் சேர்த்து எண்ணியது. எது சரி என்று முடிவாக 2013 ஆகஸ்ட் ஆகிவிட்டது. எகான் அன்ட்ரி வழக்கில் தலைமை நீதிபதி பி. சதாசிவம் தலைமையிலான மூன்று நீதிபதிகள் அமர்வு, இங்கே ‘ஆஃப்’ என்றாலும் ‘ஃபிரம்’ என்றாலும் ஒன்றுதான், முதல் நாளை எண்ணக்கூடாது என்று தீர்த்துவைத்தது. ஈரோடு மாவட்டம் பவானிப் பகுதியிலிருந்து போன தலைமை நீதிபதி அவர்.

நாட்டின் உச்ச நீதிமன்றமே ஒரு பிரிபொசிஷனைத் தீர்க்கப் பதினான்கு ஆண்டு எடுத்துக்கொண்டது என்றால், பத்தாம் வகுப்புப் பிள்ளை அதில் தடுமாறுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வருத்தப்பட வேண்டிய விஷயம் வேறு. தேதியோடு வரும் ஆங்கிலச் சொற்களில், தப்பினால் யாருக்கும் ஒன்றும் ஆகாத ‘ஆன்’, ‘இன்’, ‘அட்’ மூன்றையும் பள்ளிக்கூடம் முதல் ஸ்போக்கன் இங்கிலீஷ் சென்டர் வரை வருஷக்கணக்கில் உருப்போட வைக்கிறார்கள். தப்பினால் பணம் போகும் ‘பை’, ‘டில்’, ‘பிஃபோர்’, ‘ஃபிரம்’, ‘வித்தின்’ ஐந்தையும் போகிறபோக்கில் தொட்டுவிட்டு நகர்கிறார்கள். கோவையும் திருப்பூரும் ஈரோடும் கரூரும் தேதி போட்ட காகிதத்தில் பிழைக்கும் ஊர்கள். இங்கே இந்த முன்னுரிமை தலைகீழாக வேண்டும்.

முதலில் அந்த மூன்று சொற்களைப் பார்த்துவிடலாம். நாளுக்கு ‘ஆன்’, மாதத்துக்கும் ஆண்டுக்கும் ‘இன்’, மணிக்கு ‘அட்’. விதி இவ்வளவுதான். ‘ஆன் 15 ஆகஸ்ட்’, ‘இன் ஆகஸ்ட்’, ‘இன் 1947’, ‘அட் சிக்ஸ் ஓ கிளாக்’. தமிழ்ப் பிள்ளை இதில் தவறுவதற்குக் காரணம் உண்டு. தமிழில் ‘ஆகஸ்டில்’, ‘1947இல்’ என்று உருபு போடுகிறோம். நாள் வந்தால் பெரும்பாலும் உருபே கிடையாது. ‘திங்கட்கிழமை வர்றேன்’, ‘பதினஞ்சாம் தேதி கல்யாணம்’ என்று முடித்துவிடுகிறோம். மணிக்கும் நோம்பிக்கும் நான்காம் வேற்றுமை: ‘ஆறு மணிக்கு’, ‘பொங்கலுக்கு’. இந்தப் பழக்கத்தோடு ஆங்கிலத்துக்குப் போகிறவருக்கு, உருபே இல்லாத இடத்தில் எதைப் போடுவது என்ற குழப்பம் வருகிறது. கைக்கு முதலில் வரும் ‘இன்’னைப் போட்டுவிடுகிறார். ‘இரண்டு நாளுக்கு முன்னாடி’ என்பது ‘பிஃபோர் டூ டேஸ்’ ஆவதும் இதே வழியில்தான். ஆங்கிலத்தில் அதற்கு ‘டூ டேஸ் அகோ’.

‘இன் மன்டே’ என்று ஒருவர் சொன்னால் எதிரில் இருப்பவருக்குப் புரியாமல் போகிறதா? திங்கட்கிழமை என்பது ஐயமில்லாமல் போய்ச் சேர்கிறது. இன்னும் சொன்னால், அந்தச் சொல்லையே விட்டுவிட்டாலும் போதும். அமெரிக்கச் செய்தித்தாள்களில் கிழமைக்கு முன்னால் ‘ஆன்’ போடாமல் எழுதுவது சாதாரணம். அசோசியேட்டட் பிரஸ் நிறுவனத்தின் நடைக்கையேடும் குழப்பம் வராத இடத்தில் அதை விட்டுவிடச் சொல்கிறது. பிரிட்டிஷ்காரர் ‘அட் த வீக்கெண்ட்’ என்பார், அமெரிக்கர் ‘ஆன் த வீக்கெண்ட்’ என்பார். பிறவியிலேயே ஆங்கிலம் பேசும் இரண்டு நாட்டுக்காரர்களுக்கே ஒத்துப்போகாத இடம் இது.

விதிக்குள்ளேயே வளைவுகளும் உண்டு. ‘அட் நைட்’ சரி. ஆனால் ஈரோட்டில் கனி மார்க்கெட் ஜவுளிச் சந்தை கூடுவதைச் சொல்ல வேண்டுமானால் ‘ஆன் மன்டே நைட்’. கிழமை வந்து ஒட்டிக்கொண்டதும் ‘அட்’ விலகி ‘ஆன்’ வந்துவிடும். ‘இன் த மார்னிங்’ என்பதும் ‘ஆன் டியூஸ்டே மார்னிங்’ ஆகிவிடும். தெரிந்துகொண்டால் நல்லதுதான். தெரியாததால் அந்தச் சந்தையில் ஒரு ரூபாய் வியாபாரமும் குறையாது. அப்படியிருக்க, நேர்முகத் தேர்வில் இந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு, தமிழ்வழியில் படித்து டிப்ளமோ முடித்த பையனை ஓரங்கட்டுவது வேலைத் திறமையை அளக்கும் முறையாகாது.

இனி, காசு புழங்கும் சொற்களுக்கு வருவோம்.

திருப்பூரில் மாதம் பிறந்தால் நூல் விலை என்ன என்பதுதான் முதல் பேச்சு. நூற்பாலைகள் அறிவிக்கும் விலையைப் பொறுத்து பனியன் துணியின் விலை மாறும். பையருக்குக் கொடுத்த கொட்டேஷனும் ஆட்டம் காணும். அதனால்தான் கொட்டேஷனின் அடியில் ஒரு கெடு எழுதுகிறார்கள். ‘இந்த விலை 30ஆம் தேதி வரை’ என்று தமிழில் நினைத்து, ‘பை 30த்’ என்று ஆங்கிலத்தில் எழுதிவிடுகிறார் மெர்ச்சண்டைசர் என்று வைத்துக்கொள்வோம். ‘டில்’ என்பது ஒரு நிலை அந்த நாள் வரை நீடிப்பதைச் சொல்வது. ‘பை’ என்பது ஒரு வேலை அந்த நாளுக்குள் முடிந்துவிடுவதைச் சொல்வது. விலை 30 வரை நிற்கிறது என்பது ஒன்று, 30க்குள் வந்து சேரும் என்பது முற்றிலும் வேறு. தமிழ் ‘வரை’ இரண்டு வேலையும் பார்க்கும். ‘வெள்ளிக்கிழமை வரை லீவு’ என்கிறோம், ‘வெள்ளிக்கிழமை வரை பணம் கட்டலாம்’ என்றும் சொல்கிறோம். ஆங்கிலத்தில் அந்த வசதி இல்லை. ‘கேன் யூ ஸ்டே பை ஃபிரைடே’ என்று மெயில் போனால் வெளிநாட்டுக்காரர் புருவத்தைத் தூக்குவார்.

‘க்குள்’ என்பதிலும் சிக்கல் உண்டு. திருப்பூரில் பீஸ் ரேட் ஆட்களுக்குச் சனிக்கிழமை சம்பள நாள். பவர் டேபிள் தையல் யூனிட் வைத்திருப்பவர் கம்பெனிக்குப் போன் போட்டு, ‘ஏனுங்க, பில்லு எப்பங்க பாஸாகும்?’ என்று கேட்டால், ‘சனிக்கிழமைக்குள்ள போட்டுடறமுங்க’ என்று பதில் வரும். கேட்பவருக்கு அது சனிக்கிழமை மதியம். சொல்பவருக்கு அது சனிக்கிழமை ராத்திரி வங்கிக் கணக்கில் ஏறினாலும் போதும். உள்ளூரில் இது ஒரு போனில் தீர்ந்துவிடும். இதே ‘க்குள்’ கடல் தாண்டிப் போகும்போது ‘பை’ ஆகலாம், ‘பிஃபோர்’ ஆகலாம், ‘வித்தின்’ ஆகலாம். எது ஆகிறது என்பதைப் பொறுத்து ஒரு நாள் கூடும், குறையும்.

ஒரு நாளில் என்ன போய்விடும் என்று கேட்பவர், எல்.சி. போட்டு வரும் ஆர்டர் ஒன்றை எடுத்துப் பார்க்கலாம். உலகெங்கும் வங்கிகள் இந்தக் கடன் கடிதங்களைக் கையாளப் பின்பற்றுவது யு.சி.பி. 600 என்ற விதித்தொகுப்பு. பாரிஸைத் தலைமையிடமாகக் கொண்ட சர்வதேச வர்த்தக சபை வெளியிட்டது, 2007 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. மொத்தம் 39 விதிகள். அதன் மூன்றாம் விதி கிட்டத்தட்ட ஓர் இலக்கணப் பாடம். சரக்கு ஏற்றும் காலத்தைக் குறிக்க ‘டு’, ‘அன்டில்’, ‘டில்’, ‘ஃபிரம்’, ‘பிட்வீன்’ வந்தால் சொன்ன தேதியும் சேரும். ‘பிஃபோர்’, ‘ஆஃப்டர்’ வந்தால் சொன்ன தேதி சேராது. ஆக, ‘ஷிப்மெண்ட் டில் 31 மார்ச்’ என்றால் 31ஆம் தேதி கப்பலில் ஏற்றலாம். ‘பிஃபோர் 31 மார்ச்’ என்றால் 30ஆம் தேதியோடு கதவு மூடிவிடும்.

திருப்பூரிலிருந்து கண்டெய்னர் தூத்துக்குடிக்குப் போய், கப்பலில் ஏறி, பில் ஆஃப் லேடிங்கில் தேதி விழ வேண்டும். அந்தத் தேதி 31 என்று விழுந்து, எல்.சி.யில் ‘பிஃபோர்’ இருந்தால், வங்கி ‘லேட் ஷிப்மெண்ட்’ என்று குறை எழுதி ஆவணத்தை ஏற்க மறுக்கலாம். சரக்கு நடுக்கடலில் இருக்கும், பணம் பையரின் தயவில் இருக்கும். ‘தள்ளுபடி கொடுத்தால் ஏற்கிறேன்’ என்று அவர் பேரத்தை அப்போதுதான் தொடங்குவார்.

இதே விதியில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. ‘ஃபிரம்’ என்ற சொல் சரக்கு ஏற்றும் காலத்துக்கு வந்தால் சொன்ன தேதியைச் சேர்த்துக்கொள்ளும். பணம் வரவேண்டிய முதிர்வுத் தேதிக்கு வந்தால் அதே சொல் சொன்ன தேதியைத் தள்ளிவிடும். ‘ஃபிரம் 10 மார்ச்’ சரக்கு ஏற்றலாம் என்றால் 10ஆம் தேதியே ஏற்றலாம். ‘60 டேஸ் ஃபிரம் 10 மார்ச்’ பணம் என்றால் எண்ணிக்கை 11ஆம் தேதி தொடங்கி மே 9இல் முடியும், மே 8இல் அல்ல. ‘ஆன் ஆர் அபவுட் 15 மார்ச்’ என்பதற்கும் கணக்கு உண்டு. ஐந்து நாள் முன், ஐந்து நாள் பின், இரு முனையும் சேர்த்து: மார்ச் 10 முதல் 20 வரை. ‘சுமாரா அந்த வாக்குல’ என்று நம்மூரில் சொல்வதை, அங்கே பதினோரு நாள் என்று வரையறுத்துவைத்திருக்கிறார்கள்.

ஏற்றுமதி செய்யாதவருக்கு இது தேவையில்லை என்றும் ஒதுங்கிவிட முடியாது. கோவையில் பம்புக்கு வார்ப்படம் ஊற்றித் தரும் சின்ன ஃபவுண்டரியும், லேத் வைத்து ஜாப் ஒர்க் செய்பவரும், திருப்பூரில் காம்பேக்டிங் போடுபவரும் நம்பியிருப்பது 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவன மேம்பாட்டுச் சட்டத்தை. அதன் 15ஆவது பிரிவில் இரண்டு கெடுக்கள் இருக்கின்றன. எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இருந்தால், பேசிய தேதிக்கு ‘ஆன் ஆர் பிஃபோர்’ பணம் தர வேண்டும். அந்தத் தவணை சரக்கை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து 45 நாளைத் தாண்டக் கூடாது. ஒப்பந்தம் இல்லையென்றால் ‘பிஃபோர் த அப்பாயிண்டட் டே’. அந்த ‘அப்பாயிண்டட் டே’ என்பது சரக்கை ஏற்றுக்கொண்டதிலிருந்து 15 நாள் கழிந்ததற்கு மறுநாள்.

கணக்குப் போட்டால் இப்படி வரும். மார்ச் 1இல் சரக்கை ஏற்றுக்கொண்டால் 15 நாள் முடிவது மார்ச் 16. நியமித்த நாள் 17. ‘பிஃபோர்’ என்பதால் 16க்குள் பணம் வந்தாக வேண்டும். 45 நாள் ஒப்பந்தம் இருந்தால் ஏப்ரல் 15 வரை கெடு, 15ஆம் தேதியும் உள்ளே. ஒரே பிரிவில் ஒரு கெடுவில் சொன்ன நாள் சேர்கிறது, இன்னொன்றில் சேரவில்லை. கெடு தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டி விகிதத்தின் மும்மடங்கில், மாதாமாதம் கூட்டிப்போடும் வட்டி. 2023ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) பிரிவைச் சேர்த்த பிறகு கெடுவுக்கு இன்னும் கூர்மை வந்தது. குறு, சிறு நிறுவனத்துக்கு உரிய காலத்தில் தராத தொகையை, உண்மையில் கொடுத்த ஆண்டில்தான் செலவாகக் காட்ட முடியும். 2024 மார்ச்சில் ஆடிட்டர் அலுவலகங்களில் ஓடிய பேச்சே இந்த 45 நாளை எங்கிருந்து எண்ணுவது என்பதுதான்.

எண்ணும் முறையில் நம் வழக்கமும் சட்டமும் வேறு வேறு பாதை. குழந்தை பிறந்தாலும் துக்கம் நேர்ந்தாலும், மூன்றாம் நாள், பதினாறாம் நாள் என்று நடந்த நாளையும் சேர்த்தே எண்ணுகிறோம். இரண்டு வாரத்தைப் ‘பதினைந்து நாள்’ என்பது தமிழர் பேச்சு. பிரெஞ்சுக்காரரும் அப்படியே சொல்வார்கள். 1897ஆம் ஆண்டின் பொது வகைமுறைகள் சட்டமோ, ‘ஃபிரம்’ வந்தால் முதல் நாளை விடு, ‘டு’ வந்தால் கடைசி நாளைச் சேர் என்று 9ஆவது பிரிவில் சொல்லிவைத்திருக்கிறது. வீட்டில் ஒரு கணக்கும் ஆபீஸில் ஒரு கணக்குமாக வளர்கிற பிள்ளைக்கு இந்த வித்தியாசத்தை யாராவது ஒருவர் எடுத்துச் சொல்ல வேண்டாமா?

‘இதெல்லாம் இனி செல்போனே திருத்திவிடும்’ என்பார்கள். ‘இன் மன்டே’யை அது திருத்தும், சந்தேகமில்லை. ‘பிஃபோர் 31 மார்ச்’ என்று நீங்கள் எழுதியதைத் திருத்தாது. ஏனென்றால் இலக்கணப்படி அதில் பிழையே இல்லை. நீங்கள் 31ஐயும் சேர்த்து நினைத்தீர்கள் என்பது எழுதிய உங்களுக்கு மட்டும்தான் தெரியும். அடிக்கோடு விழாத பிழை அப்படியே பர்ச்சேஸ் ஆர்டரில் ஏறி, கையெழுத்தாகி, துறைமுகம் வரை போய்விடும்.

வக்கீல் பார்த்துக்கொள்வார், வங்கி மேனேஜர் பார்த்துக்கொள்வார் என்பது இன்னொரு பதில். அவர்களிடம் காகிதம் போவது பெரும்பாலும் தகராறு வந்த பிறகு. முதலில் மெயில் அடிப்பவர் பி.காம். முடித்து வேலைக்கு வந்து ஆறு மாதமான ஒரு பெண்ணாக இருப்பார். அவருக்குத்தான் பாடம் வேண்டும்.

செய்யக்கூடியவை சிலவே. பள்ளியில் கோடிட்ட இடத்தை நிரப்பச் சொல்லும் ‘ஆன், இன், அட்’ பயிற்சி இருந்துவிட்டுப் போகட்டும், அளவைக் குறைத்தால் போதும். மேல்வகுப்பிலும் ஐ.டி.ஐ., பாலிடெக்னிக், கலைக் கல்லூரிகளிலும் பெயரும் தொகையும் அடித்த உண்மையான எல்.சி., டெண்டர், பர்ச்சேஸ் ஆர்டர் நகல்களைக் கொடுத்து, ‘கடைசி நாள் எது?’ என்று கேட்க வேண்டும். எல்.சி. காலாவதியாகும் தேதி பொங்கல் விடுமுறையில் வங்கி மூடியிருக்கும் நாளில் விழுந்தால் அடுத்த வேலை நாளுக்குத் தள்ளிப்போகும், சரக்கு ஏற்றும் கடைசித் தேதி அப்படித் தள்ளிப்போகாது. யு.சி.பி.யின் 29ஆவது விதி சொல்லும் இந்த ஒன்றை வைத்தே ஒரு நல்ல வினாத்தாள் தயாரிக்கலாம்.

அலுவலகங்களுக்கு இன்னும் எளிது. வெறும் ‘பிஃபோர்’, வெறும் ‘பை’ இரண்டையும் கெடு எழுதும் இடத்திலிருந்து எடுத்துவிட்டு ‘ஆன் ஆர் பிஃபோர்’ என்று எழுதட்டும். காலவரம்பு என்றால் ‘இரு நாட்களும் உட்பட’ என்று சேர்க்கட்டும். அமெரிக்க பையருக்கு 05/06 என்று எழுதினால் அவர் மே 6 என்று படிப்பார், இங்கே அது ஜூன் 5. ஒரு மாத வித்தியாசம். ஆகவே மாதத்தை எழுத்தில் எழுதி, கிழமையையும் பக்கத்தில் போட்டுவிட்டால் தேதி தப்பாக விழுந்திருந்தாலும் கிழமை காட்டிக்கொடுத்துவிடும். அரசுத் துறைகள் தமிழிலும் ஆங்கிலத்திலும் டெண்டர் அறிவிப்பு வெளியிடும்போது, தமிழில் ‘15ஆம் தேதிக்குள்’ என்றும் ஆங்கிலத்தில் ‘பிஃபோர்’ என்றும் வராமல் இரண்டையும் ஒருவரே ஒப்பிட்டுப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும்.

கோவையில் சிறுதொழில் சங்கமான கொடிசியாவும் திருப்பூரில் ஏற்றுமதியாளர்கள் சங்கமும் தொழிற்பயிற்சிக்குப் பழகிய அமைப்புகள். இந்தச் சொற்களையும் ஒவ்வொன்றுக்கும் ஒரு தேதிக் கணக்கையும் ஒரே பக்கத்தில் தமிழில் அச்சிட்டு, உறுப்பினர்களின் அலுவலகங்களுக்கும் சுற்றுவட்டாரக் கல்லூரிகளுக்கும் கொடுப்பது அவற்றுக்குப் பெரிய செலவில்லை. பல்லடத்திலோ பெருந்துறையிலோ ஒரு ஆங்கில ஆசிரியர் இந்த அரையாண்டு விடுமுறைக்கு முன் இரண்டு பீரியட் ஒதுக்கி நடத்திப் பார்க்கட்டும். பாடத்துக்கு வேண்டிய பழைய எல்.சி. நகல்கள் ஒவ்வொரு ஏற்றுமதி நிறுவனத்தின் பீரோவிலும் கட்டுக்கட்டாகக் கிடக்கின்றன.